கையடக்கக் காற்றுமானிகளைச் சரிபார்க்க வாரியம் ஓர் இடம் தரவேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் மணலி, ஆலந்தூர், வேளச்சேரி, ராயபுரம் என நிலையம் வாரியாக ஒரு சிறு கட்டத்தில் வெளியாகும் காற்றுத் தரக் குறியீட்டை நாள் தவறாமல் பார்ப்பவர்களில் நானும் ஒருவன். முப்பத்தோராண்டு பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வுபெற்றவன் என்பதால், எண் என்று ஒன்று கண்ணில் பட்டால் அது எங்கே, எந்த நேரத்தில், எதைக்கொண்டு அளக்கப்பட்டது என்று கேட்காமல் விட முடிவதில்லை. இக்கடிதம் நீண்டுபோனதற்கும் அந்தப் பழக்கமே காரணம், பொறுத்தருள வேண்டுகிறேன்.

நான் குடியிருக்கும் ஆதம்பாக்கத்துக்கு மிக அருகிலுள்ள அரசு நிலையம் ஆலந்தூர் பேருந்துப் பணிமனையில் இருக்கிறது. இத்தகைய நிலையங்களில் காற்றை உறிஞ்சும் குழாயின் வாய் தரையிலிருந்து 3 முதல் 10 மீட்டர் உயரத்துக்குள் அமையவேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வழிகாட்டுதல். அந்த உயரத்தில் மூக்கு உள்ளவர் எங்கள் தெருவில் எவரும் இல்லை. இதை நிலையத்தின் குறையாகச் சொல்லவில்லை. ஒரு வட்டாரத்தின் பொதுக் காற்று எப்படி இருக்கிறது, ஆண்டுக்காண்டு மாசு கூடுகிறதா குறைகிறதா என்று காட்டுவதற்காகவே அது நிறுவப்பட்டது. அந்த வேலையை அது செய்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் அதே எண்ணைப் பார்த்து, இளைப்பு உள்ள குழந்தையை இன்று வெளியே விளையாட விடலாமா என்று ஒரு தாய் முடிவெடுக்கும்போது, பந்திக்கு எத்தனை படி அரிசி வடித்தார்கள் என்பதைக் கேட்டுக்கொண்டு தம் இலையில் எவ்வளவு சோறு விழுந்தது என்று கணிப்பதைப் போல் ஆகிவிடுகிறது.

இந்த வேறுபாடு எனக்கு உறைத்தது வீட்டுக்குள்தான். பேத்திக்கு இளைப்பு அடிக்கடி வரவே, மருத்துவர் வீட்டுப் புகையைக் குறைக்கச் சொன்னார். எங்கள் வீட்டில் ஏது புகை என்று நாங்கள் வியந்தோம். எரிவாயு அடுப்பு, புகைபிடிப்பவர் யாருமில்லை, தெருவும் பெருஞ்சாலை அன்று. மகன் ஒரு கையடக்கக் காற்றுமானியை வாங்கி வந்தான். சட்டைப்பையில் அடங்கும் அளவு. உள்ளே ஒரு குட்டி விசிறி காற்றை இழுக்க, லேசர் ஒளி அதன் குறுக்கே பாய்ந்து, துகள்கள் சிதறடிக்கும் ஒளியைக் கொண்டு 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட நுண்துகள், அதாவது பி.எம்.2.5, ஒரு கன மீட்டருக்கு எத்தனை மைக்ரோகிராம் என்று கணித்துக் காட்டும். இரண்டு வாரம் அதை நான் எங்கு போனாலும் எடுத்துச்சென்றேன். பக்கத்தில் ஒரு கோடுபோட்ட நோட்டுப் புத்தகமும் வைத்துக்கொண்டு, மணி, இடம், என்ன நடந்துகொண்டிருந்தது என்ற மூன்றையும் குறித்தேன்.

நோட்டில் முதல் பெரிய ஏற்றம் வாகன நெரிசல் மிகுந்த கத்திப்பாரா சந்திப்பில் வரும் என்றுதான் நினைத்திருந்தேன். அது வந்ததோ காலை ஏழே முக்காலுக்கு, சமையலறையில், சாம்பாருக்குத் தாளிக்கும்போது. எண்ணெய் காய்ந்து கடுகு வெடித்து வற்றல் மிளகாய் கறுத்த அந்த ஒன்றரை நிமிடத்தில், இரண்டு இலக்கத்தில் இருந்த எண் மூன்று இலக்கத்துக்குத் தாவி, அடுப்பை அணைத்த பின்னும் இருபது நிமிடத்துக்கு மேல் இறங்க மறுத்தது. மறுநாள் என் மனைவி புகைபோக்கி விசிறியை முன்கூட்டியே ஓடவிட்டு ஜன்னலையும் திறந்துவைத்துத் தாளித்தார். எண் ஏறியது, ஆனால் ஐந்து நிமிடத்தில் இறங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டபோது ஏற்பட்ட உயர்வு இதையும் மிஞ்சியது. எல்லாவற்றையும்விட எங்களைத் தலைகுனிய வைத்தது பேத்தி தூங்கும் அறையில் இரவு முழுவதும் கனன்ற கொசுவத்திச் சுருள். கதவைச் சாத்தி, மின்விசிறியை மெதுவாக வைத்து, குழந்தையைக் கொசு கடிக்காமல் காத்த அதே அறைதான் எங்கள் வீட்டிலேயே அதிகப் புகை தங்கிய அறை. ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவரும் நுண்துகளின் எடை 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளிவிடும் எடைக்குச் சமம் என்று சீன, மலேசியச் சுருள்களை எரித்துப் பார்த்த ஓர் ஆய்வு 2003-ஆம் ஆண்டே சொல்லியிருப்பதைப் பிற்பாடுதான் படித்தேன். இப்போது கொசுவலை கட்டியிருக்கிறோம்.

இங்கே ஒரு சிறு கணக்கு. ஒருவர் நாளில் 22 மணி நேரம் கன மீட்டருக்கு 30 மைக்ரோகிராம் உள்ள காற்றிலும், மீதி 2 மணி நேரம் 300 உள்ள காற்றிலும் இருந்தார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய 24 மணி நேரச் சராசரி 52.5. அந்த 300 அவரைச் சுற்றி மட்டும் எழுந்த புகை என்றால், நிலையம் 30 என்றே காட்டி, குறியீட்டில் அதை 'நல்லது' என்ற பச்சை நிறத்தில் போடும். இந்தியாவின் நாளளவு வரம்பு 60 என்பதால் அவர் சட்டப்படி பாதுகாப்பாகவே இருக்கிறார். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் திருத்திய வரம்பு 15 என்பதால், அதன்படி மூன்றரை மடங்கு மீறிவிட்டார். ஆனால் நான் சுட்ட விரும்புவது அந்த மீறலை அன்று. அவர் அன்றைக்கு உள்ளிழுத்த துகளில் ஏறக்குறைய பாதி அந்த 2 மணி நேரத்திலேயே போய்ச் சேர்ந்தது என்பதைத்தான். அந்த 2 மணி நேரம் எது என்று தெரிந்தவருக்கு ஜன்னலைத் திறப்பதோ வழியை மாற்றுவதோ இயலும். சராசரி மட்டும் தெரிந்தவருக்கு வானத்தைப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இதை நான் கண்டுபிடித்ததாகக் கருதிவிட வேண்டாம். துறைசார்ந்தோர் இதை 'தனிநபர் வெளிப்பாடு' என்கிறார்கள். காற்றில் இருக்கும் அளவு ஒன்று, ஒரு மனிதர் நாள் முழுதும் எதிர்கொண்ட அளவு இன்னொன்று என்பதே அதன் அடிப்படை. கலிபோர்னியாவின் ரிவர்சைடு நகரில் 1990-இல் 178 பேர் உடலில் காற்றுறிஞ்சியை மாட்டிக்கொண்டு நடமாடினார்கள். பகல் வேளையில் அவர்கள் வீட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் வைத்த கருவிகள் பி.எம்.10, அதாவது 10 மைக்ரானுக்கு உட்பட்ட துகளின் அளவைக் கன மீட்டருக்குச் சுமார் 95 என்றே காட்ட, உடலில் இருந்த கருவிகளோ 150 என்று காட்டின. உள்ளேயும் இல்லாத, வெளியேயும் இல்லாத அந்தக் கூடுதல் எங்கிருந்து வந்தது? நாம் நடக்கும்போதும் பெருக்கும்போதும் சமைக்கும்போதும் நம்மைச் சுற்றி நாமே எழுப்பிக்கொள்ளும் புழுதியிலிருந்தும் புகையிலிருந்தும்தான். ஆய்வாளர்கள் அதற்கு 'தன் மேகம்' என்ற பொருள்பட ஒரு பெயரே வைத்துவிட்டார்கள். டெல்லியில் 2010-இல் ஆட்டோ ஒன்றில் கருவிகளை ஏற்றிச்சென்று அளந்தபோது, பயணிகள் அமரும் இடத்தில் பி.எம்.2.5 சராசரியாகச் சுமார் 190 இருந்தது. அதே நேரத்தில் நகரின் பொதுக் காற்றில் இருந்ததைப் போல் ஒன்றரை மடங்கு. டீசல் புகையின் கரித்துகளை மட்டும் தனியே பார்த்தால் அந்த வித்தியாசம் மூன்றரை மடங்குக்கும் மேல்.

நம் நாட்டில் இந்த வழியைத் திறந்துவைத்தவர்களில் முதன்மையானவர் அமெரிக்க ஆய்வாளர் கிர்க் ஸ்மித். எண்பதுகளின் தொடக்கத்தில் அவரும் இந்திய ஆய்வாளர்களும் குஜராத்தின் சில கிராமங்களில், விறகும் வறட்டியும் எரித்துச் சமைக்கும் பெண்களின் உடலில் சிறு காற்றுறிஞ்சிகளைக் கட்டி அளந்தார்கள். சமைக்கும் நேரத்தில் அவர்கள் எதிர்கொண்ட மொத்தத் துகள் கன மீட்டருக்கு ஏழாயிரம் மைக்ரோகிராம் அளவில் இருந்தது. மாசு என்றால் ஆலைப் புகைபோக்கி என்று மட்டுமே எண்ணியிருந்த காலத்தில், நாட்டின் மோசமான காற்று அடுப்படியில் இருக்கிறது என்று காட்டிய எண் அது. எந்த நகர நிலையமும் அதைக் காட்டியிருக்க முடியாது.

தமிழ்நாட்டிலேயே நடந்த ஒன்றையும் சொல்லவேண்டும்; நம்மில் பலருக்கு அது தெரியாது என்பது எனக்கு வருத்தம். போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தில் கல்பனா பாலகிருஷ்ணன் தலைமையிலான குழு, நாகப்பட்டினம் மாவட்டத்திலும் கள்ளக்குறிச்சிப் பகுதியிலும், குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நாடுகளோடு சேர்ந்து ஒரு பெரிய சோதனையை நடத்தியது. நான்கு நாடுகளிலும் சேர்த்து ஏறத்தாழ 3,200 கர்ப்பிணிகள். அவர்களில் பாதிப்பேருக்கு எரிவாயு அடுப்பும் எரிவாயுவும் இலவசம், மீதிப்பேர் வழக்கம்போல் விறகடுப்பில். சுமார் 150 கிராம் எடையுள்ள ஒரு கருவியை மேலங்கியில் பொருத்திக்கொண்டு அவர்கள் 24 மணி நேரம் இருந்தார்கள்; உள்ளே ஒரு சிறு வடிதாள், அதை முன்னும் பின்னும் நிறுத்து எடை வித்தியாசத்தைக் கொண்டு துகளைக் கணக்கிடுவார்கள்; கருவி உடலில்தான் இருந்ததா, மாடத்தில் கழற்றி வைக்கப்பட்டதா என்பதையும் அதிலுள்ள அசைவுணரி காட்டிக்கொடுத்துவிடும். விறகடுப்புப் பெண்கள் எதிர்கொண்ட பி.எம்.2.5-இன் இடைநிலை அளவு 70.7, எரிவாயு பெற்றவர்களுக்கு 23.9. மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. ஆனால் 2022-இல் வெளியான முடிவில், பிறந்த குழந்தைகளின் எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

இதைத் தோல்வி என்று சிலர் பேசக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உடலில் கருவி இல்லாமல் இந்தச் சோதனை நடந்திருந்தால், அந்தப் பெண்கள் எரிவாயுவைப் பெற்றுக்கொண்டு மீண்டும் விறகிலேயே சமைத்திருப்பார்கள் என்று நாம் எளிதாகப் பழியை அவர்கள் மேல் போட்டுவிட்டுப் போயிருப்போம். புகை உண்மையிலேயே குறைந்தது என்று நிரூபணமான பிறகு அந்தச் சாக்குக்கு இடமில்லை. கேள்வி அறிவியலின் பக்கம் திரும்பிவிட்டது. அளந்து பார்ப்பதன் பயன், நாம் எதிர்பார்த்த விடையைத் தருவது மட்டும் அன்று.

கருவியைப் புகழ்ந்தது போதும். இனி அதன் குறைக்கு வருகிறேன், என் கோரிக்கையும் அதிலிருந்தே பிறக்கிறது. அந்த இரண்டு வாரத்தில் ஒருநாள், மார்கழி விடியற்காலையில், கோலம் போடும் நேரத்தில் வாசலில் நின்று பார்த்தபோது கருவி காட்டிய எண்ணைக் கண்டு நான் திகைத்தேன். தெருவில் வண்டி இல்லை, குப்பை எரியவில்லை, பனிதான் இருந்தது. எதிர்வீட்டு நண்பரிடம் வேறொரு நிறுவனத்தின் மானி இருக்கிறது. இரண்டையும் திண்ணையில் அருகருகே வைத்தோம். அவருடையது காட்டியதைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு என்னுடையது காட்டியது. வெயில் ஏறி ஈரம் உலர்ந்ததும் இரண்டும் நெருங்கி வந்தன. காரணம் கடினமானதன்று. காற்றில் ஈரம் மிகுந்தால் துகள்கள் நீரை உறிஞ்சிப் பருக்கும். பருத்த துகள் கூடுதல் ஒளியைச் சிதறடிக்கும். ஒளியை எண்ணும் கருவி அதை எடை என்று எழுதிவிடும். அரசு நிலையங்களில் உள்ள கருவிகள் காற்றைச் சூடாக்கி உலர்த்தியே அளக்கின்றன; நம் சட்டைப்பைக் கருவியில் அதற்கு இடமேது? கடலோரத்தில் குடியிருக்கும் நமக்கு இது சிறு குறையன்று.

துகளின் தன்மையும் ஏமாற்றும். ஆய்வுகளில் பயன்படும் விலையுயர்ந்த ஒளிமானிகள் சிலவற்றையே ஆலையில் அரிசோனா மாநிலத்துப் புழுதியைக் கொண்டுதான் சீர்செய்து அனுப்புகிறார்கள். அப்படிப்பட்ட கருவி சிகரெட் புகையை அளந்தால் உண்மையைப் போல் மூன்று மடங்கு காட்டும். மறுபக்கம், மலிவான மானிகளுக்கு 0.3 மைக்ரானுக்குக் கீழுள்ள துகள் சரியாகத் தெரிவதில்லை. டீசல் புகையில் பெரும்பாலானவை அந்த அளவினவே. ஆக, என் கருவி சாம்பிராணியைப் பெரிதாக்கியும் பேருந்தைச் சிறிதாக்கியும் காட்டியிருக்க இடமுண்டு. மேலே நான் துல்லியமான எண்களைத் தராமல் 'இரண்டு இலக்கம், மூன்று இலக்கம்' என்று எழுதியதற்கு இதுவே காரணம். எங்களுக்கு விற்றவரிடம் கருவியைச் சரிபார்த்ததற்கான சான்று கேட்டபோது ஓர் அச்சடித்த அட்டை வந்தது. அதில் என் கருவியின் வரிசை எண்கூட இல்லை.

இதற்கு மேல் கைபேசிச் செயலிகள் செய்யும் குழப்பம் வேறு. அதே 60 மைக்ரோகிராம் காற்றுக்கு இந்தியக் குறியீடு 100 என்று சொல்லும். அமெரிக்கக் குறியீட்டைக் காட்டும் செயலி 150-ஐத் தாண்டிச் சொல்லும். இரண்டையும் பார்த்துவிட்டு, அரசு மறைக்கிறது என்று எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் நடந்த சண்டையை விவரிக்க இந்த இதழில் இடம் போதாது.

எனவே என் வேண்டுகோள் இது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தன் தொடர் கண்காணிப்பு நிலையங்களில் ஒன்றிலேனும், ஆலந்தூரில் மத்திய வாரியம் இசைந்தால் அங்கோ, இல்லையேல் தன் சொந்த நிலையங்களான அரும்பாக்கம், பெருங்குடி போன்றவற்றிலோ, பொதுமக்களும் பள்ளிகளும் தங்கள் கையடக்க மானிகளைக் கொண்டுவந்து ஒரு வாரம் வைத்துச் செல்ல ஓர் இடம் ஒதுக்கவேண்டும். மழை படாத ஒரு கூரை, காற்றோட்டமுள்ள ஒரு தட்டு, சில மின்செருகிகள், பதிவேடு ஒன்று, இவ்வளவே செலவு. நிலையத்தின் மணிக்கணக்கு அளவும் ஈரப்பதமும் ஏற்கெனவே பதிவாகின்றன. அவற்றையும் மானி காட்டிய எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இந்த மாதிரிக் கருவியின் எண்ணை இவ்வளவால் பெருக்கி, ஈரத்துக்காக இவ்வளவு கழித்துக்கொள்ளலாம் என்று ஒரு திருத்தம் கிடைக்கும். மார்கழியில் ஒருமுறையும் சித்திரையில் ஒருமுறையும் செய்தால் நம் ஊரின் இரண்டு முகங்களும் அதில் அடங்கிவிடும்.

இது நடக்காத காரியமன்று. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, மக்கள் வீடுகளில் மாட்டியிருந்த மலிவு விலை மானிகளைத் தன் நிலையக் கருவிகளோடு ஒப்பிட்டு இப்படியொரு திருத்தத்தைக் கண்டது. கருவி காட்டும் எண்ணை ஏறக்குறையப் பாதியாக்கி, ஈரப்பதத்துக்கேற்பச் சற்றுக் கழித்து, ஒரு சிறு நிலை எண்ணைக் கூட்டு என்பதே அந்தத் திருத்தம். திருத்திய அளவுகளை 2020 முதல் காட்டுத்தீப் புகை வரைபடத்தில் அரசே வெளியிட்டும் வருகிறது. பெருக்கல் கணக்கு நமக்கும் தெரியும்தான். ஆனால் அவர்களுடைய எண்ணை அப்படியே எடுத்துப் பயன்படுத்த முடியாது. உப்புக்காற்றும் சாலைப் புழுதியும் டீசலும் குப்பைப் புகையும் கலந்த எண்ணூர் முதல் பெருங்குடி வரையிலான காற்றுக்கு இங்கேதான் அளந்து பார்க்கவேண்டும்.

சரிபார்த்த கருவிகள் கிடைத்தால் அவற்றை முதலில் யாருக்குத் தரவேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை: கத்திப்பாராவில் எட்டு மணி நேரம் நிற்கும் போக்குவரத்துக் காவலர், விடியுமுன் சாலையைப் பெருக்கும் தூய்மைப் பணியாளர், ஆட்டோ ஓட்டுநர், எண்ணெய்ச் சட்டியின் முன் நாளைக் கழிக்கும் வடைக்கடைக்காரர். 2019 ஜனவரியில் தொடங்கிய தேசிய தூய காற்றுத் திட்டத்தில் சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி ஆகிய நான்கும் உள்ளன. ஆனால் அத்திட்டம் நகரங்களின் முன்னேற்றத்தை நிலையங்கள் காட்டும் பி.எம்.10 அளவைக் கொண்டே மதிப்பிடுகிறது. சாலை ஓரத்தைப் பெருக்கித் தண்ணீர் தெளித்தால் அந்த எண் குறையும். அதைப் பெருக்கியவரின் நுரையீரலுக்குள் என்ன போயிற்று என்பது எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை.

தங்களிடமும் ஒரு விண்ணப்பம். தாங்கள் வெளியிடும் கட்டத்தில் குறியீட்டோடு பி.எம்.2.5-இன் மைக்ரோகிராம் அளவையும், முந்தைய நாளின் மிக மோசமான மணி எது என்பதையும் சேர்த்து அச்சிட முடியுமா? குறியீடு 24 மணி நேரச் சராசரி என்பதால், போகி விடியலில் பழம்பாயும் டயரும் எரியும் மூன்று மணி நேரம் அதில் கரைந்துவிடுகிறது. 2018 ஜனவரி 13 அன்று அந்தப் புகை, பனியோடு சேர்ந்து சென்னை விமான நிலையத்தில் விமானங்களையே நிறுத்திவைத்தது. அன்றைய சராசரியை மட்டும் பார்ப்பவருக்கு விமானி எதைக் கண்டு இறங்க அஞ்சினார் என்பது விளங்காது.

வாரியம் இடம் ஒதுக்கினால் எங்கள் தெருவிலிருந்து என் மானியும் எதிர்வீட்டு நண்பரின் மானியும் முதல் வாரமே வந்து சேரும். கோடுபோட்ட நோட்டையும் கொண்டுவருகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
ஆதம்பாக்கம், சென்னை.